மதுரை சுல்தானின் விருந்தாளி: தமிழ் மண்ணில் இப்னு பதூதா

பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் முஹம்மது பின் துக்ளக் வரும் இடத்தில் இப்னு பதூதாவின் பெயரும் வரும். மொராக்கோவிலிருந்து வந்த பயணி, டில்லியில் காழியாக இருந்தவர் என்று ஓரிரு வரியில் முடிந்துவிடும். அவர் நம் தமிழ் மண்ணிலும் சில மாதங்கள் இருந்தார், பனம்பழம் சாப்பிட்டார், புளி கரைத்துக் குடித்துக் காய்ச்சலிலிருந்து பிழைத்தார், மதுரை சுல்தானோடு சேர்ந்து அமர்ந்து உண்டார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த நாட்களில் அவர் கண்டதும், பிறகு அதைச் சொல்லி வைத்த விதமும் நம் குடும்பங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டிய செய்தி.

தன்ஜாவிலிருந்து டில்லி வரை

அபூ அப்தில்லாஹ் முஹம்மது இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 703, அதாவது 1304ஆம் ஆண்டு மொராக்கோவின் தன்ஜா நகரில் பிறந்தார்கள். காழிகளையும் மார்க்கச் சட்ட அறிஞர்களையும் தந்த குடும்பம். அவர்களும் மாலிகி மத்ஹபின் சட்டங்களைக் கற்றார்கள். 1325ஆம் ஆண்டு, 21 வயதில், ஹஜ்ஜை நாடித் தனியாக வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள். பெற்றோர் இருவரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்களைப் பிரிந்தது பெரும் துயரம் தந்தது.

ஹஜ்ஜோடு அந்தப் பயணம் நிற்கவில்லை. எகிப்து, ஷாம், இராக், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி, மத்திய ஆசியா என்று நீண்டு, 1333ல் சிந்து நதியைக் கடந்து இந்தியாவுக்குள் வந்தது. டில்லியில் முஹம்மது பின் துக்ளக் அவர்களைக் காழியாக நியமித்து, ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளம் கொடுத்தார். 1341ல் சீனப் பேரரசருக்கான தூதராக, பெரும் பரிசுப் பொருட்களோடு அனுப்பினார். கோழிக்கோட்டில் புயல் அந்தக் கப்பலை உடைத்தது. பரிசுகளும் போயின, தூதும் போயிற்று. வெறுங்கையோடு டில்லி திரும்ப அஞ்சிய இப்னு பதூதா மாலத்தீவுக்குப் போய் அங்கே காழியானார்கள். அங்கிருந்த அமைச்சரோடு மனக்கசப்பு ஏற்பட்டு, 1344ல் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தாளியாகத் தங்கி, பாவா ஆதம் மலைக்கு ஏறி இறங்கிய பிறகு, அரபிகள் மஃபர் என்று அழைத்த நம் தமிழ்க் கரையை நோக்கிப் புறப்பட்டார்கள்.

கரை சேர்ந்த விதம்

கரை தெரியும் தூரத்தில் காற்று மாறியது. கப்பல் தரை தட்டியது. மாலுமிகள் பாய்மரத்தை வெட்டித் தெப்பம் கட்டினார்கள். இப்னு பதூதா தம்மோடு வந்தவர்களை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு, இரவு முழுவதும் உடைந்த கப்பலில் இருந்தார்கள். விடிந்ததும் அந்தக் கரையில் வாழ்ந்த முஸ்லிமல்லாத மக்கள் படகு கொண்டுவந்து காப்பாற்றினார்கள். ஒரு தோப்புக்கு அழைத்துப் போய், மீனும் ஒரு பழமும் கொடுத்தார்கள். தர்ப்பூசணி போன்ற பழம், உள்ளே பஞ்சு போன்ற நார், அதில் தேன் போன்ற இனிப்பு, அந்த மரத்திலிருந்து சர்க்கரை போன்ற ஒரு பண்டமும் செய்கிறார்கள் என்று அவர்கள் வர்ணித்திருப்பதைப் பார்த்தால், அது நம் பனம்பழமும் பனைவெல்லமும்தான் என்று புரிந்துவிடும்.

நான் உங்கள் சுல்தானின் நண்பன் என்று அந்த மக்களிடம் தெரிவித்து, படையெடுப்பில் இருந்த சுல்தானுக்குக் கடிதம் அனுப்பினார்கள். மூன்று நாளில் ஓர் அமீர் குதிரைகளோடும் பல்லக்கோடும் வந்து அழைத்துச் சென்றார். வழியில் ஹர்காட்டு என்ற கோட்டையில் ஓர் இரவு தங்கினார்கள். பெயரின் ஒலியை வைத்து, பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு சாலையில் போனால் வருகிற நம் ஆற்காடுதான் அது என்று சொல்வோரும் உண்டு. இன்னும் தெற்கே இருந்த ஒரு கோட்டை என்போரும் உண்டு.

ஒரு ஜோடி காலணி

மதுரை சுல்தான்களின் ஆட்சி 1335ல் தொடங்கியது. டில்லியின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தனியரசாக அறிவித்துக்கொண்டார். அவருடைய ஒரு மகளை இப்னு பதூதா டில்லியில் மணந்திருந்தார்கள். இன்னொரு மகள், இப்போது ஆட்சியிலிருந்த கியாஸுத்தீன் தாமகானியின் மனைவி. ஆக, சுல்தானும் இப்னு பதூதாவும் சகலைகள்.

சுல்தானின் முன்னால் வெறுங்காலோடு போகக் கூடாது என்பது அந்நாளைய வழக்கம். கப்பலில் எல்லாம் இழந்து வந்த இப்னு பதூதாவிடம் காலணி இல்லை. அந்தப் பாசறையில் முஸ்லிம்கள் பலர் இருந்தார்கள். ஆனால் தம் காலணியைக் கொடுத்தவர் ஒரு முஸ்லிமல்லாதவர். அந்தப் பெருந்தன்மை சுற்றியிருந்த முஸ்லிம்களிடம் இல்லாமல் போனதே என்று இப்னு பதூதா வியந்து பதிவு செய்திருக்கிறார்கள். சிறிய விஷயம்தான். ஆனாலும் சுல்தானின் கூடாரத்தைப் பற்றிச் சொல்லும்போது அந்த மனிதரை மறக்காமல் சொன்னார்கள்.

சுல்தான் நன்றாக உபசரித்தார். கூடாரங்கள் அடித்துக் கொடுத்தார். விரிப்பும் உணவும் அனுப்பினார். மாலத்தீவின் மீது படை அனுப்பும் யோசனையை இப்னு பதூதாவே அவரிடம் முன்வைத்தார்கள். சுல்தான் சம்மதித்து, கப்பல்களைத் தயார் செய்யச் சொன்னார். மூன்று மாதம் ஆகும் என்று கப்பல் தலைவர் சொன்னதால் காத்திருக்க நேர்ந்தது. தமக்குப் பதவி தந்த தீவின் மீதே படையெடுக்கத் திட்டம் போட்டதை நாம் பாராட்ட முடியாது. அக்கால வழக்கப்படி அடிமைகளையும் வைத்திருந்தார்கள். அவர்கள் தவறே செய்யாதவர் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை.

கண்ணால் கண்ட கொடுமை

காட்டு வழியே படை நகர்ந்தபோது சுல்தானின் ஆட்கள் வழியில் அகப்பட்ட இந்துக்களைப் பிடித்தார்கள். இருபுறமும் கூராக்கிய கழுமரங்களை அவர்கள் தோளிலேயே சுமக்க வைத்தார்கள். பாசறைக்கு மரவேலி அமைத்து, மறுநாள் காலையில் அதே கழுமரங்களில் அவர்களை ஏற்றினார்கள். பெண்களும் கைக்குழந்தைகளும் கூடத் தப்பவில்லை.

ஒருநாள் சுல்தான் உணவருந்திக்கொண்டிருந்தார். வலப்பக்கம் காழி, இடப்பக்கம் இப்னு பதூதா. ஓர் இந்து மனிதரையும், அவர் மனைவியையும், ஏழு வயது மகனையும் கொண்டுவந்தார்கள். சுல்தான் கையசைத்தார். மூவரின் தலைகளும் உருண்டன. இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இன்னொரு நாள் ஒரு மனிதரைக் கொண்டுவந்தபோது, நடக்கப்போவதை உணர்ந்து அவசரமாக எழுந்தார்கள். எங்கே என்று சுல்தான் கேட்க, அஸர் தொழப் போவதாகச் சொன்னார்கள். சுல்தானுக்குக் காரணம் புரிந்தது, சிரித்தார். தொழுது திரும்பியபோது அந்த மனிதர் கை கால் வெட்டப்பட்டு இரத்தத்தில் கிடந்தார்.

ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர பல்லாளரின் கதையும் அப்படித்தான். சுல்தானின் ஆட்கள் இருந்த கண்ணனூர்க் கொப்பத்தை, இன்றைய சமயபுரம் பக்கத்தை, அவர் முற்றுகையிட்டிருந்தார். பல்லாளரின் படையில் 20,000 முஸ்லிம்கள் இருந்ததாகவும் இப்னு பதூதா சொல்கிறார்கள். ஓடிப்போன அடிமைகள், குற்றவாளிகள் என்று அவர்களைத் தாழ்த்தியே சொல்கிறார்கள். அந்தப் போரை இரு மதங்களின் போர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு அதுவே போதும். திடீர்த் தாக்குதலில் 80 வயது பல்லாளர் பிடிபட்டார். விடுதலை தருவதாக ஆசை காட்டி அவருடைய செல்வத்தையும் யானை குதிரைகளையும் வாங்கிக்கொண்ட சுல்தான், பிறகு அவரைக் கொன்றார். தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். பின்னர் மதுரைக்குப் போன இப்னு பதூதா அதைத் தம் கண்ணால் கண்டார்கள்.

பட்டணமும் மதுரையும்

கப்பல்கள் தயாராகும் வரை கடற்கரை நகரமான பட்டணத்தில் தங்கினார்கள். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம்தான் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். துறைமுகத்தில் தூண்கள் மேல் எழுப்பிய பெரிய மர மண்டபம், கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசல், திராட்சை, மாதுளை எல்லாம் அங்கே இருந்தன. நைசாபூரைச் சேர்ந்த முஹம்மது என்ற ஷைகைக் கண்டார்கள். அவர் வளர்த்த சிங்கம் அங்கிருந்த ஃபகீர்களோடு சேர்ந்து உண்டது.

மதுரை அகன்ற வீதிகள் கொண்ட பெரிய நகரம். ஆனால் அவர்கள் போன நேரத்தில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டவர்கள் இரண்டு, மூன்று நாளில் இறந்தார்கள். அஹ்ஸன் ஷாவின் வஸீர்களில் ஒருவரின் மனைவி வறுமையில் உதவி கேட்டு வந்தார். கூட எட்டு வயது மகன், சுறுசுறுப்பான பிள்ளை. இருவருக்கும் பணம் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் அந்தத் தாய், மகனுக்குக் கஃபன் துணி கேட்டு வந்தார்.

அந்த நாட்களிலேயே கியாஸுத்தீனும் வீட்டாரை இழந்து, தானும் இறந்தார். இப்னு பதூதாவும் கடும் காய்ச்சலில் விழுந்தார்கள். இதுதான் முடிவு என்று எண்ணிய வேளையில் புளியை நீரில் கரைத்துக் குடிக்க அல்லாஹ் மனதில் உதிக்கச் செய்தான். மூன்று நாள் வயிறு போய்க் குணமானது. புதிய சுல்தான் நாஸிருத்தீன் மாலத்தீவுப் படையெடுப்புக்கு இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார். இப்னு பதூதாவுக்கு மதுரை வெறுத்துப்போயிருந்தது. விடைபெற்று, பட்டணத்திலிருந்து ஏமன் போகும் கப்பல்களில் ஏறிக் கொல்லம் போய்ச் சேர்ந்தார்கள்.

சொல்லி வைத்த சாட்சியம்

வங்காளம், சீனா என்று சுற்றி 1349ல் மொராக்கோ திரும்பினார்கள். தாயார் சில மாதங்களுக்கு முன்புதான் கொள்ளைநோயில் இறந்திருந்தார். பிறகு அந்தலூஸ், மாலி என்று இன்னும் பயணங்கள். சுல்தான் அபூ இனானின் விருப்பப்படி, இப்னு ஜுஸைய் என்ற எழுத்தாளரிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல, 1355ல் ரிஹ்லா நிறைவடைந்தது. அதன் பின் மொராக்கோவில் காழியாகப் பணியாற்றி, 1368 அல்லது 1369ல் வஃபாத்தானார்கள்.

நினைவிலிருந்து சொன்ன நூல் என்பதால் சில இடங்களில் கணக்கும் வழியும் முன்பின் ஆகியிருப்பதை ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். ஆனால் மதுரையைப் பற்றி அவர்கள் சொல்வது நேரில் கண்ட சாட்சியம். அந்தச் சுல்தான் சகலை, உபசரித்தவர், கப்பல் தருவதாக ஒப்புக்கொண்டவர், முஸ்லிம். இத்தனை காரணம் இருந்தும் மறைக்கவில்லை. எந்த மன்னரிடமும் காணாத அருவருப்பான செயல் என்று சொல்லி, அதனாலேயே அல்லாஹ் அவருடைய மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் பதிய வைத்தார்கள்.

உங்களுக்கும், பெற்றோருக்கும், உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் தரும் கட்டளையின் கருத்து. போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. வாக்குக் கொடுத்துவிட்டு மாறுவதும் ஹராம். அந்தச் சுல்தான் செய்தது மார்க்கத்துக்கு எதிரான செயல் என்று அளக்க இப்னு பதூதாவிடம் இருந்த அளவுகோல் அவர்கள் கற்ற மார்க்கமேதான்.

தீமையைக் கையால், முடியாவிட்டால் நாவால், அதுவும் முடியாவிட்டால் உள்ளத்தால் தடுக்கச் சொல்கிறது இன்னொரு ஹதீஸ். சுல்தானின் முன்னால் இப்னு பதூதா மூன்றாவது படியில்தான் இருந்தார்கள். முகத்தைத் திருப்பினார்கள், தொழப் போனார்கள். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும் என்று நாம் நினைக்கலாம். பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, இன்னொரு சுல்தானின் நகரத்தில், நாவால் சொன்னார்கள். அதனால்தான் பெயர் தெரியாத அந்த ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி இன்று நமக்குத் தெரிகிறது.

மதுரை சுல்தான்கள் செய்ததைப் பற்றி இன்று நம் பிள்ளைகளிடம் யாராவது கேட்டால், நடக்கவே இல்லை என்று மறுக்கவும் வேண்டாம். நியாயம் கற்பிக்கவும் வேண்டாம். வடக்கிலிருந்து வந்த அந்தப் படைத்தலைவர்களின் ஆட்சி நாற்பதாண்டு சொச்சத்தில் முடிந்துவிட்டது. அதற்கு முன்பே இந்தக் கரையில் வணிகத்தாலும் திருமண உறவாலும் வேரூன்றியது தமிழ் முஸ்லிம் வாழ்க்கை. அந்தச் சுல்தானின் கணக்கு நம் பிள்ளைகளின் கணக்கு அல்ல. ஆனால் அந்தக் கொடுமையைக் கண்டு கொடுமை என்று சொன்ன முஸ்லிம் அறிஞரின் வழி நம் வழியாக இருக்க வேண்டும். காலணி கொடுத்த முஸ்லிமல்லாதவரின் நன்மையையும், சுல்தானின் அநீதியையும் ஒரே நூலில் மறைக்காமல் சொன்னவர்கள் அவர்கள்.

நம்மவர் செய்தாலும் தவறைத் தவறென்றும், பிறர் செய்தாலும் நன்மையை நன்மையென்றும் சொல்லும் துணிவை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.