கொண்டையில் கண்ட மரபு: வில்லியம் பேட்சன்

மரபியல் என்னும் அறிவியல் துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் வில்லியம் பேட்சன். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதைக் கோழிகளின் கொண்டையைக் கொண்டு மெய்ப்பித்த பெருமை அவருக்கு உண்டு.

இளமையும் தேடலும்

பேட்சன் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் இங்கிலாந்தின் விட்பி நகரில் பிறந்தார். பள்ளியில் குறிக்கோளற்ற மாணவராகவே கருதப்பட்ட அவர், கேம்பிரிட்ஜின் புனித ஜான் கல்லூரியில் விலங்கியல் பயின்று முதல் வகுப்பில் தேறினார். உயிரினங்களின் வேறுபாடுகளை ஆராய மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலும் உப்பு ஏரிக்கரைகளிலும் அலைந்தார். 1894இல் வெளியிட்ட நூலில், மாறுபாடுகள் சிறிது சிறிதாக மட்டுமன்றித் தெளிவான தாவல்களாகவும் தோன்றுகின்றன என வாதிட்டார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை.

கோழிப் பண்ணையே ஆய்வுக்கூடம்

நிலையான ஆய்வுப் பதவி இல்லாத அக்காலத்தில், கல்லூரியின் சமையற்கூட நிருவாகத்தைக் கவனித்தபடியே ஆய்வைத் தொடர்ந்தார். கிராண்ட்செஸ்டர் சிற்றூரில் இருந்த அவரது வீட்டு வளாகம் கோழிகளாலும் செடிகளாலும் நிறைந்தது. மனைவி பியாட்ரிஸ் அப்பணியில் தோள்கொடுத்தார். பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுமையான பட்டம் வழங்காத அந்நாளில், எடித் சாண்டர்ஸ் முதலிய பெண் ஆய்வாளர்களை இணை ஆய்வாளர்களாக அவர் மதித்தார்.

1900இல் மெண்டலின் ஆய்வு மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தபோது, தம் கோழிகளில் அதன் மெய்ம்மையைப் பேட்சன் கண்டார். 1902இல் அம்முடிவுகளை வெளியிட்டார். பின்னர் புன்னட்டும் அவருடன் இணைந்தார். வயாண்டாட் இனத்திற்கு ரோஜாக் கொண்டை. பிரம்மா இனத்திற்குப் பட்டாணிக் கொண்டை. இவ்விரு வகைக் கொண்டைகளையும் கலந்தபோது பிறந்த குஞ்சுகள் பெற்றோர் இருவரையும் ஒவ்வாமல் வால்நட் கொண்டையுடன் விளங்கின. அவற்றின் அடுத்த தலைமுறையில் பதினாறு பங்கில் ஒன்பது வால்நட், மூன்று ரோஜா, மூன்று பட்டாணி, ஒன்று ஒற்றைக் கொண்டை என்னும் விகிதம் வெளிப்பட்டது. பாட்டன் பாட்டியரிடம் காணப்படாத ஒற்றைக் கொண்டை பேரக்குஞ்சில் தோன்றியது. ஒரே உறுப்பின் வடிவத்தை இரு காரணிகள் சேர்ந்து முடிவு செய்யலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

கண்காட்சிக் கோழி வளர்ப்போரின் நெடுநாள் புதிர் ஒன்றுக்கும் விடை கிடைத்தது. நீல அண்டலூசியன் கோழிகளை எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்து இணைத்தாலும் கருப்பும் புள்ளியிட்ட வெள்ளையும் பிறந்துகொண்டே இருந்தன. நீலம் என்பது கலப்பு நிலையின் நிறம். அது தூய வழியாக நிலைபெறாது. ஆயின், வளர்ப்போர் கழித்து ஒதுக்கிய கருப்பையும் புள்ளி வெள்ளையையும் இணைத்தால் குஞ்சுகள் யாவும் நீலமாகவே பிறக்கும்.

எதிர்ப்பும் ஏற்பும்

கல்லூரிக்கால நண்பரான வெல்டனே மெண்டலின் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தார். கருத்துப் போரில் நட்பு முறிந்தது. 1904இல் கேம்பிரிட்ஜில் கூடிய அறிவியல் மாநாட்டில் பேட்சன் தம் தரப்பை உறுதியோடு நிலைநாட்டினார். அவ்வாண்டு பிறந்த மகனுக்கு மெண்டலின் நினைவாகக் கிரிகரி எனப் பெயரிட்டார். 1905இல் மரபியலுக்குரிய ஆங்கிலச் சொல்லைப் படைத்தார். 1910இல் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தின் இயக்குநரானார்; அவ்வாண்டே புன்னட்டுடன் மரபியல் இதழ் ஒன்றையும் தொடங்கினார். அவ்விதழ் ஹால்டேன் வழியாக இந்தியாவுக்கு வந்து, இன்று பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதமியால் வெளியிடப்படுகிறது.

புதுமைக்காகப் போராடிய பேட்சனே மற்றொரு புதுமையை ஏற்கத் தயங்கினார். மரபுக் காரணிகள் குரோமோசோம்களில் உள்ளன என்னும் மார்கனின் கருத்தை நெடுங்காலம் ஐயுற்றார். எனினும் 1921இல், அறுபது வயதில், அமெரிக்கா சென்று மார்கனின் ஆய்வகத்தில் சான்றுகளை நேரில் கண்டார். தம் எதிர்ப்பைப் பெருமளவு வெளிப்படையாகக் கைவிட்டார். முதல் உலகப்போரில் மூத்த மகனை இழந்த துயரிலும் பணியை விடாத அவர், 1926 பிப்ரவரி 8இல் மறைந்தார்.

பொருந்தாதது எனப் பிறர் ஒதுக்கிய குஞ்சையும் எண்ணிக் கணக்கில் எழுதியவர் பேட்சன். பதினாறில் ஒன்றாய் வந்த அந்த ஒற்றைக் கொண்டையே மறைந்திருந்த விதியைக் காட்டிக் கொடுத்தது.