வில்லியம் ஹெர்ஷல்

வானை ஆராய்ந்து பெரும்புகழ் எய்திய அறிஞருள் வில்லியம் ஹெர்ஷல் ஒருவர். எனினும் அவர் வானநூலைத் தொழிலாகக் கொண்டு வாழ்க்கையைத் தொடங்கியவர் அல்லர், இசைவாணர். ஜெர்மனி நாட்டு ஹானோவர் நகரில் 1738ஆம் ஆண்டு பிறந்த அவர், 1757இல் இங்கிலாந்து சென்று, பின்னர் பாத் நகரத் தேவாலயம் ஒன்றில் இசைஞராக அமர்ந்தார்.

பகலில் மாணவர்க்கு இசை கற்பித்தார். இரவில் வானநூல்களைப் பயின்றார். ஏட்டிற் படித்தவற்றைக் கண்ணாற் காணும் வேட்கை அவருக்கு உண்டாயிற்று. பெரிய தொலைநோக்கியை விலைகொடுத்து வாங்கும் வசதி இல்லாமையால், தாமே ஒன்று செய்யத் துணிந்தார். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த ஆடியைத் தேய்த்து மெருகிடுதல் அரிய வேலை. ஒருமுறை 16 மணி நேரம் கையெடாது அவர் உழைத்தபோது, தங்கை கரோலின் அருகிருந்து உணவு ஊட்டினார்.

தொலைநோக்கி பொருளை எவ்வளவு பெரிதாக்குகிறதோ, அவ்வளவுக்கு அதில் தோன்றும் வானப்பரப்பு சுருங்கும். ஆதலின், புதிதாகப் பயில்வோன் விண்மீனைத் தேடிக் குழாயைத் திருப்பினால் வெற்றிருளையே காண்பான். இக்குறை நீங்கப் பெருங்குழாயின்மேல் சிறு துணைக்குழல் ஒன்று பொருத்தப்படும். அது பொருளைச் சிறிதே பெரிதாக்கும். ஆயின் அகன்ற வானைக் காட்டும். பகலில் தொலைவிலுள்ள கோபுர உச்சி ஒன்று இரண்டிலும் நடுவே தோன்றுமாறு அமைத்துக்கொண்டால், இரவில் துணைக்குழலிற் சிக்கிய விண்மீன் பெருங்குழாயிலும் வந்து நிற்கும். ஹெர்ஷலின் 7 அடித் தொலைநோக்கியும் இத்தகைய துணைக்குழல் உடையதே. காண்பதும் ஒரு கலை. இசையைப் போலவே பழகப் பழகத்தான் அது கைவரும் என்பது அவர் கருத்து.

1781ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் இரவு, தம் வீட்டுத் தோட்டத்தில் நின்று விண்மீன்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வந்தார். அவற்றுள் ஒன்று சற்றுப் பெரிதாகத் தோன்றியது. உருப்பெருக்கத்தை மிகுத்துப் பார்த்தார். விண்மீனாயின் புள்ளியாகவே நின்றிருக்கும். அதுவோ வட்டமாய் வளர்ந்தது. நான்கு நாள் கழித்து நோக்கியபோது இடம் பெயர்ந்திருந்தது. அதனை வால்மீன் என்றே அவர் முதலில் எண்ணினார். பிற அறிஞர் அதன் பாதையைக் கணித்து, சனிக்கு அப்பால் கதிரவனைச் சுற்றும் புதிய கோள் எனத் தெளிந்தனர். அதுவே யுரேனஸ்.

அக்கோளை அவருக்கு முன்னரும் சிலர் கண்டதுண்டு. 1690இலேயே பிளாம்ஸ்டீடு என்னும் அரசாங்க வானநூலறிஞர் அதனைக் குறித்து வைத்தார். ஆயினும் விண்மீன் என்றே கருதி விட்டுவிட்டார். சிறந்த கருவியும் பழகிய கண்ணும் ஐயத்தைத் தீர்க்கும் பொறுமையும் ஹெர்ஷலிடம் ஒருங்கே அமைந்திருந்தன.

1782இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுன் ஊதியம் வழங்கினார். இசைத்தொழிலை விடுத்து, ஹெர்ஷல் வானாராய்ச்சியிலேயே ஈடுபட்டார். உடனுழைத்த கரோலினும் எட்டு வால்மீன்களைக் கண்டறிந்து சிறப்புற்றார். 1822இல் தம் 83ஆம் வயதில் ஹெர்ஷல் மறைந்தார். வீட்டுத் தோட்டத்தில் தொடங்கிய அவரது முயற்சி, மனிதன் அறிந்த கதிரவன் குடும்பத்தின் எல்லையை ஏறத்தாழ இருமடங்கு விரிவாக்கியது.