பேரவைத் தேர்தலில் தோல்வியே காணாத கர்ப்பூரி தாக்குர்

புது தில்லி: பிகாரில் சாதி வாக்குகளே வெற்றியைத் தீர்மானிக்கும் என்ற கணக்கைப் பொய்யாக்கியது, தாஜ்பூர் சட்டப்பேரவைத் தொகுதி.

எண்ணிக்கையில் சிறிய முடிதிருத்தும் சமூகத்தில் 1924-ல் பிறந்த கர்ப்பூரி தாக்குர், 1952-ல் சோஷலிஸ்ட் கட்சி வேட்பாளராக அங்கு வெற்றி பெற்றார். அதன்பின் எந்தப் பேரவைத் தேர்தலிலும் அவர் தோற்றதில்லை.

1970-ல் முதல்வரானார். 1977-ல் சமஸ்திபூர் மக்களவை உறுப்பினராக இருந்தபோது மீண்டும் முதல்வர் பொறுப்பேற்றதால், புல்பராஸ் இடைத்தேர்தலில் போட்டியிட்டுப் பேரவைக்கு வந்தார். 1978-ல் 26 சதவீத இடஒதுக்கீட்டை அறிவித்தார். கடும் எதிர்ப்புக்கு இடையே மறு ஆண்டு ஆட்சியை இழந்தார்.

1984-ல் இந்திரா காந்தி கொலையை அடுத்து எழுந்த அனுதாப அலையில், சமஸ்திபூர் மக்களவைத் தொகுதியில் தோல்வியுற்றார். மறு ஆண்டே சோன்பர்ஸா வாக்காளர்கள் அவரைப் பேரவைக்கு அனுப்பினர். 1988-ல் பேரவை உறுப்பினராகவே மறைந்தார்.

பாரத ரத்னா விருது 2024-ல்தான் அறிவிக்கப்பட்டது. தாஜ்பூர் வாக்காளர்களோ 72 ஆண்டுகளுக்கு முன்பே அவரை அடையாளம் கண்டிருந்தனர்.