எண்ணைக் கையில் கொடுத்த அம்மையார்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணிதம்)

கீழக்கரையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மழைக்கால மாலைகளில் பல்லாங்குழி நடக்கும். குழிக்கு ஐந்தாகப் பதினான்கு குழிகளில் எழுபது சோழிகள். எழுத்தறியாத என் அன்னை, எடுத்த சோழிகள் எந்தக் குழியில் போய் முடியும் என்பதை எண்ணாமலே சொல்லிவிடுவார். நானோ வாய்ப்பாட்டை ராகத்தோடு ஒப்புவித்து, ஏழெட்டு எவ்வளவு என்று தனியே கேட்டால் தலைகுனிந்து நிற்பேன். இதன் காரணம் மரியா மாண்டிசோரி அம்மையாரின் வரலாற்றைப் படித்த பின்னரே எனக்கு விளங்கிற்று.

இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 31-8-1870 அன்று பிறந்த அம்மையார், பெண்கள் மருத்துவம் பயில்வதே அரிதாயிருந்த காலத்தில், 1896 இல் ரோம் நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியோர் என ஒதுக்கப்பட்ட சிறுவர்களிடையே பணியாற்றியபோது, அவர்களுக்கு மருந்தினும் மேலாகக் கைக்கு வேலை வேண்டும் எனக் கண்டார். 6-1-1907 இல் ரோமில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார்.

அவர் வகுத்த கருவிகளே கணித மாணவராகிய நம்மைக் கவர்வன. ஒன்று என்பது ஒரு பொன்னிற மணி. பத்து மணி கோத்தால் ஒரு கோல். பத்துக் கோல் சேர்ந்தால் நூறாகிய சதுரம். பத்துச் சதுரம் அடுக்கினால் ஆயிரமாகிய கனசதுரம். ஒன்றை விரல் நுனியில் ஏந்தும் குழந்தை, ஆயிரத்தின் பாரத்தை உள்ளங்கையில் உணர்கிறது. இடமதிப்புக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ! மற்றொன்று கதிர்ப்பெட்டி. சுழியம் முதல் ஒன்பது வரை பத்து அறைகள், நாற்பத்தைந்து கதிர்க்குச்சிகள். எங்கேனும் ஒன்று கூடுதலாக இட்டால் ஒன்பதாம் அறையில் குறையும். பிழையைக் குழந்தை தானே காணும், ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை. சுழியத்தின் அறை மட்டும் வெறுமையாகவே நிற்கும்.

முசோலினி ஆட்சியோடு ஒத்துப்போக இயலாமல் 1934 இல் தாயகம் நீங்கியவர், 1939 இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று மகன் மாரியோவுடன் சென்னை அடையாறு வந்து சேர்ந்தார். சில மாதப் பயணமாகவே வந்தார். 1940 இல் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மகனைச் சிறைமுகாமில் அடைத்து, அம்மையாரின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளில்தான் மகன் விடுவிக்கப்பட்டார். போர் முடியும்வரை அம்மையார் இந்நாட்டிலேயே ஆசிரியர்களைப் பயிற்றினார். இடையில் கோடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். 6-5-1952 அன்று ஆலந்து நாட்டில் மறைந்தார்.

என் தொடக்கப் பள்ளியிலும் மணிகள் இருந்தன. உடைந்துவிடுமென்று அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்!

சென்ற விடுமுறையில் அக்காள் மகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை. ஓலைப்பெட்டி முடையும் அன்னையிடம் ஈர்க்குகள் வாங்கிப் பத்துப் பத்தாகக் கட்டினேன். கட்டை அவிழ்த்துக் கழித்தாள், கணக்கு வந்துவிட்டது. பார்த்திருந்த அன்னை, பத்துக் கட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, இதை எப்படி எழுதுவது என்று கேட்டார். தரையில் 100 என எழுதிக் காட்டினேன். அந்த இரண்டு வட்டங்கள் எதற்கு என்றார். இரண்டும் வெறுங்குழிகள் என்றேன். சற்றே சிரித்து, சுண்ணக்கட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.