ஆளுக்கு ஒரு வெள்ளி: தமிழவேள் கோ. சாரங்கபாணி

இந்த வாரம் நாம் பேசப் போவது ஒரு பத்திரிகைக்காரரைப் பற்றி. அவர் பால்மரம் வெட்டியவரில்லை, வாளி தூக்கியவரில்லை, பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து நின்றவருமில்லை. ஆனாலும் தோட்டத்துக் காசு ஒரு பல்கலைக்கழகத்துக்குள் போனதென்றால் அது அவரால்தான். அவர் பெயர் கோ. சாரங்கபாணி. தமிழவேள் என்று சொன்னால் நம் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

திருவாரூரில் 1903 ஏப்ரல் 19ஆம் தேதி பிறந்தவர். 1924இல், இருபத்தோரு வயதில், சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். கிடைத்தது கணக்கெழுதும் வேலை. பிழைக்க வந்த ஊரில் வேலையைப் பார்த்தோமா, நாலு காசு ஊருக்கு அனுப்பினோமா என்று இருந்திருக்கலாம். அப்படி இருக்க அவருக்கு மனசு வரவில்லை. 1929 கடைசியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தார். சாதி வேண்டாம், மூடப்பழக்கம் வேண்டாம், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்ற பேச்சு அதற்குப் பிறகு ஊரெல்லாம் சூடு பிடித்தது. சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் நம்ம சாரங்கபாணி.

1935 ஜூலை 6ஆம் தேதி தமிழ் முரசு பிறந்தது. வார ஏடு, விலை ஒரு காசு. ஏன் ஒரு காசு? வாங்குகிறவன் கூலிக்காரன் என்று அவருக்குத் தெரியும். 1937 கடைசியில் அது நாளிதழாகி விட்டது. ஜப்பான்காரன் காலத்தில் நின்றுபோய், சண்டை முடிந்த பிறகு மறுபடி வந்தது.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளையின் படிப்பு எப்படி இருந்தது? பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் சொன்னது, சரி. பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை, அவ்வளவுதான். கங்காணியோ கிராணியோ வாத்தியாராக வந்து உட்காருவார். காலையில் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளை மிச்ச நேரத்தில் அ, ஆ எழுதும். நல்ல பள்ளியாக இருந்தாலும் ஆறாம் வகுப்போடு சரி. அதற்கு மேலே தமிழில் படி கிடையாது. மேலே போக வேண்டுமானால் பட்டணத்து இங்கிலீஷ் பள்ளிக்குப் போக வேண்டும். பஸ் காசுக்கு எங்கே போவது?

இப்படி இருக்கையில், 1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் திறந்தார்கள். மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் ஒன்றாகச் சேர்த்து உண்டாக்கியது அது. சில வருஷத்தில், அங்கே இந்திய இயல் துறை ஒன்று வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. துறைக்கு எது முதல் மொழி? சமஸ்கிருதம் என்ற யோசனை மேலிடத்தில் பலமாக இருந்தது. சாரங்கபாணிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மலாயாவில் இருந்த இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் பிள்ளைகள் படிக்கப் போகும் இடத்தில் அவர்கள் மொழிக்கு இடமில்லையா?

கோபத்தைத் தலையங்கத்தோடு விடவில்லை அவர். பல்கலைக்கழகத்தில் தமிழ் வேண்டும் என்றால் அங்கே தமிழ் நூல்கள் வேண்டும், நூலகம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்று கணக்குப் போட்டார். பழைய கணக்கெழுத்தர் அல்லவா! 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதிக்குப் பெயர் வைத்தார். பெரிய முதலாளிகளை மட்டும் நம்பாமல் ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். அன்றைக்கு ஒரு வெள்ளி என்பது சின்னக் காசு இல்லை. லயத்தில் அதை எடுத்து வைத்தால் வீட்டில் ஏதோ ஒன்று குறையும். அப்படியும் சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரர் கொடுத்தது போலவே தோட்டத்துக்காரரும் கொடுத்தார்கள். தன் பேரைக் கூட எழுதத் தெரியாதவன் பல்கலைக்கழகப் புத்தகத்துக்குப் பணம் கொடுத்தான். இதை நாம் லேசாக நினைத்துவிடக் கூடாது.

1956இல் இந்திய இயல் துறை திறந்தது. தமிழே அதில் பாட மொழியாக நின்றது. 1959இல் துறை கோலாலம்பூருக்குப் போயிற்று. 1961இல் தனிநாயகம் அடிகளார் அதற்குத் தலைவராக வந்தார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அதே ஊரில்தான் நடந்தது. அந்தத் துறை இன்றும் அங்கே இருக்கிறது.

ஒளிக்காமல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துறை திறந்த மறுநாளே தோட்டத்துப் பிள்ளை அங்கே போய் உட்கார்ந்துவிடவில்லை. பல்கலைக்கழகத்துக்குள் நுழைய இங்கிலீஷ் படிப்பு வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கு அந்தப் படி எட்டாத உயரம். இது சாரங்கபாணிக்கும் தெரியாமலிருக்காது. அதனால்தானோ என்னவோ, மேலே கதவைத் தட்டிக்கொண்டே கீழேயும் வேலை செய்தார். முரசில் மாணவர்களுக்கென்று 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியை 1950களில் நடத்தினார். பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்பியதை அச்சில் போட்டார்கள். தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளை புத்தகத்தை விடுமா? பின்னாளில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் ஆனவர்கள் பலர் அந்தப் பக்கத்தில் எழுதிப் பழகியவர்கள்தான். சிங்கப்பூரில் உமறுப் புலவர் பள்ளி 1960இல் தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தபோதும் அவர் துணை நின்றார்.

மற்றதையெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறோம். சீனப் பெண்மணி லிம் பூன் நியோவை மணந்தார். சாதி ஒழிப்பை மேடையில் மட்டும் பேசியவரில்லை. 1952இல் பொங்கலைத் தமிழர் திருநாளாகக் கொண்டாட வைத்தார். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, பதிந்து கொள்ளுங்கள், பிள்ளைகளின் எதிர்காலம் இங்கேதான் என்று ஆயிரக்கணக்கானோரைப் பதிய வைத்தார்.

ஒரு சங்கடமான சேதியும் உண்டு. 1963இல் அவர் பத்திரிகையிலேயே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் முரசு வரவில்லை. பாட்டாளிகளுக்காக எழுதியவர் வீட்டு வாசலில் பாட்டாளிகளே மறியல் செய்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நல்லவர்களுக்கும் சம்பளக் கணக்கு என்று வந்தால் தலைவலிதான்.

1974 மார்ச் 16ஆம் தேதி சாரங்கபாணி காலமானார். துறை கோலாலம்பூருக்குப் போன பிறகு, சிங்கப்பூரிலேயே தமிழில் பட்டம் படிக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உமறுப் புலவர் உயர்நிலைப் பள்ளியும் பிள்ளைகள் குறைந்து 1982இல் மூடப்பட்டது. அதன் பெயரை மட்டும் அடுத்த வருஷம் ஒரு தமிழ் மொழி நிலையத்துக்கு வைத்தார்கள். தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் சிராங்கூன் ரோட்டில் இன்னும் கொஞ்சம் மேலே நடந்தால் பீட்டி ரோடு வரும். அந்த நிலையம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே 1991இல் தொடங்கிய சிண்டா கட்டடம். படிப்பில் பின்தங்கிய இந்தியப் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு நடத்துகிற சங்கம் அது.