நிலத்தை அளந்த படைவீரர்: சர் தாமஸ் மன்றோ

ரவாங் - நம் பாட்டன், பூட்டன் பலர் சேலம், தருமபுரி, வட ஆற்காடு பகுதிகளிலிருந்து இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த ஊர்களின் நிலவரியை வகுத்தவர்களில் முதன்மையானவர், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த படைவீரரான சர் தாமஸ் மன்றோ.

1761-இல் கிளாஸ்கோவில் வணிகர் மகனாகப் பிறந்தார். அமெரிக்க விடுதலைப் போரால் தந்தையின் வணிகம் நொடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து, 1780-இல் சென்னையில் வந்திறங்கினார். அதே ஆண்டில் ஹைதர் அலியுடன் போர் மூண்டது. பின்னர் திப்பு சுல்தானுக்கு எதிரான போர்களிலும் பங்கேற்றார்.

1792-இல் திப்புவிடமிருந்து கம்பெனிக்குக் கிடைத்த பாராமகாலில், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில், அலெக்சாண்டர் ரீடின் கீழ் ஏழாண்டுகள் பணியாற்றினார். ஜமீன்தார் இடையில் இல்லாமல், உழவரிடமே அரசு வரி பெறும் ரயத்துவாரி முறை அங்குதான் உருவானது.

1817-18 மராட்டியப் போரில் சிறு படையுடனும் உள்ளூரில் திரட்டிய ஆட்களுடனும் பாதாமி, பெல்காம், சோலாப்பூர் கோட்டைகளைப் பிடித்தார். 1820-இல் சென்னை ஆளுநரானார். 1825-இல் பாரனெட் பட்டம் பெற்றார்.

தமிழ்ப்பள்ளிகளைக் கட்டிக்காக்கும் நமக்கு அவருடைய இன்னொரு பணி முக்கியம். 1822-இல் அவர் தொடங்கிய கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததைக் காட்டியது. ஆங்கிலேயர் வந்துதான் நமக்கு எழுத்தறிவு கிடைத்தது என்பார்க்கு அந்தக் கணக்கே பதில்.

1827 ஜூலை 6-ஆம் நாள், பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மறைந்தார். ராயலசீமை மக்கள் தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டினர். சென்னைத் தீவுத்திடல் அருகே சேணமில்லாக் குதிரைமீது அவர் சிலை இன்றும் நிற்கிறது.

ஆனால் அவருடைய முறைக்கு மறுபக்கமும் உண்டு. விளைச்சல் பொய்த்தாலும் வரியைப் பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. பட்டா நிலம் வைத்திருந்தவருக்கே கிடைத்தது. அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவருக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் பஞ்சமும் கடனும் துரத்த, கப்பலேறி மலாயா வந்தவர்களில் பலர் அத்தகைய நிலமற்றவர்களே. மன்றோவின் வாழ்க்கையைப் படிக்கும்போது, அவர் அளந்த நிலத்தோடு அதில் பங்கில்லாமல் போன நம் முன்னோரையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.