பினாங்கு தந்த பிளேக் போராளி

நோயைக் குணப்படுத்திய மருத்துவரை நோயாளி வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பார். நோய் வராமல் தடுத்த மருத்துவரை யார் நினைப்பார்? தமக்கு வராமற்போன நோய்க்காக யாரும் நன்றி சொல்ல வருவதில்லை. நோய்த்தடுப்பு ஆராய்ச்சிக்குத் தம்மை ஒப்படைத்த பலர் மறக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

மருத்துவமும் உயிரியலும் பயிலும் நம் மாணவர்களிடம் பேசிப் பாருங்கள். பாஸ்டர், கோக், ஃபிளெமிங் ஆகிய பெயர்கள் தடையின்றி வரும். பினாங்கில் பிறந்து, ஈப்போவில் முதுமையைக் கழித்த டாக்டர் வூ லியென் தேயின் பெயர் எத்தனை பேருக்கு வரும்? 2020இல் கோவிட் பெருந்தொற்று வந்து, முகக்கவசத்தின் வரலாற்றைப் பலரும் தேடத் தொடங்கிய பிறகே அவர் பெயர் நம்மில் பலருடைய காதில் விழுந்தது. அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தபோது, முகக்கவசத்தைக் காட்டிலும் வேறொன்று என்னை ஆட்கொண்டது. நோயின் காரணத்தைக் கண்டறிவது பாதி வேலைதான். கண்ட உண்மையை அதிகாரமும் மக்களும் ஏற்கும்படி செய்து, அதைச் செயலாக்குவது மறுபாதி. இரண்டையும் ஒரே குளிர்காலத்தில் செய்து முடித்தவர் அவர்.

இளமையும் கல்வியும்

வூ லியென் தே 1879 மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தையார் சீனாவின் தைஷான் வட்டாரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். தாயார் இம்மண்ணிலேயே பிறந்தவர். பிள்ளைகள் பலர் இருந்த பெரிய குடும்பம். பள்ளியிலும் கல்லூரியிலும் அவர் பெயர் ஙோ லீன் தக் என்றே பதிவாகியிருந்தது. வூ லியென் தே என்னும் மண்டரின் உச்சரிப்பு அவர் சீனாவுக்குச் சென்ற பிறகே நிலைத்தது.

பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் பயின்ற அவர், 1896இல் மகாராணி உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற முதல் சீன மாணவர் அவரே. லண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். பின்னர் லிவர்பூலில் ரொனால்ட் ராஸிடமும், ஜெர்மனியின் ஹாலே நகரிலும், பாரிஸ் பாஸ்டர் ஆய்வுக்கழகத்திலும் நுண்ணுயிரியலைக் கற்றார். அக்காலத்தில் உலகின் எந்த ஆய்வுக்கூடத்திலும் அமர்ந்து பணியாற்றத் தகுந்த கல்வி இருபத்து நான்கு வயதிலேயே அவருக்குக் கிட்டிவிட்டது.

தாயகம் சாத்திய கதவு

1903இல் அவர் மலாயா திரும்பினார். ஆனால், காலனித்துவ மருத்துவச் சேவையின் உயர் பதவிகள் ஐரோப்பியருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றிருந்தும் அவர் துணைநிலைப் பணியில்தான் சேர முடியும். கோலாலம்பூரில் அப்போது புதிதாகத் தோன்றியிருந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஏறக்குறைய ஓராண்டு பெரிபெரி நோயை ஆராய்ந்தார். ஈயச் சுரங்கத் தொழிலாளர்களையும் சிறைக் கைதிகளையும் கொன்றுகொண்டிருந்த அந்நோய்க்குத் தீட்டிய அரிசி உணவே காரணம் என்பது சில ஆண்டுகள் கழித்தே இங்கு நிறுவப்பட்டது.

பின்னர் அவர் பினாங்கு திரும்பி, சூலியா தெருவில் சொந்த மருந்தகம் திறந்தார். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கும் அதே தெருதான். வருவோரில் பலர் அபினுக்கு அடிமைப்பட்டிருந்ததைக் கண்டு, பினாங்கு அபின் எதிர்ப்புச் சங்கத்திற்குத் தலைமையேற்றார். அபின் அன்று காலனித்துவ அரசுக்குப் பெரும் வருவாய் தந்த பண்டம். அதை விற்றுச் செல்வந்தரானவர்களும் ஊரில் இருந்தார்கள். 1907இல் அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. அபின் கலந்த மருந்து ஓர் அவுன்ஸ் அளவு உரிமமின்றி இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் 100 வெள்ளி அபராதம் விதித்தது. மேல்முறையீடும் தோற்றது.

அந்த நேரத்தில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. 1908இல் தியன்ஜின் நகரிலிருந்த அரச இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை முதல்வர் ஆனார். மண்டரின் மொழியையே அங்கு போய்த்தான் செம்மையாகக் கற்க வேண்டியிருந்தது. தாயகம் அவரைப் பயன்படுத்திக்கொள்ளத் தவறியது. அந்தத் தவற்றின் பயனைச் சீனா பெற்றது.

ஹார்பினில் ஒரு மர்ம நோய்

1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் ஒரு நோய் பரவியது. காய்ச்சல் வரும், இருமல் வரும், சளியில் இரத்தம் வரும்; ஓரிரு நாளில் மரணம். நோய் கண்டவர்களில் ஏறக்குறைய ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அங்கு ஓடிய இரயில் பாதைகள் ரஷ்யர்கள் கையிலும் ஜப்பானியர்கள் கையிலும் இருந்தன. சீன அரசு இந்நோயை அடக்கத் தவறினால், அதையே சாக்காக வைத்து அவ்விரு வல்லரசுகளும் மஞ்சூரியாவில் மேலும் காலூன்றக்கூடும் என்ற அச்சம் பீக்கிங்கில் நிலவியது. அயலுறவு அமைச்சு வூவை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 31.

டிசம்பர் 24ஆம் நாள், ஒரே ஒரு மாணவ உதவியாளரோடும் நுண்நோக்கியோடும் அவர் ஹார்பினில் இறங்கினார். உறைபனிக்கும் கீழே இருபது, முப்பது பாகை குளிர். நகரை ஒட்டிய ஃபூஜியாதியன் என்னும் சீனர் குடியிருப்பில் நோய் கடுமையாக இருந்தது.

பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டறிந்திருந்தார். எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு அது தொற்றுவதும் பம்பாய் ஆய்வுகளால் உறுதிப்பட்டிருந்தது. ஆகவே பிளேக் என்றாலே எலியைப் பிடி, கொல் என்பதுதான் பாடம். ஹார்பினிலும் ஜப்பானிய மருத்துவர் ஒருவர் எலிகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றிலும் கிருமி இல்லை. இறந்தவர்களின் உடலிலும் அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டியிருக்கவில்லை.

உண்மையை அறியச் சவப்பரிசோதனை செய்ய வேண்டும். ஆனால், இறந்தவர் உடலை அறுப்பது சீன மரபில் பெரும் பாவம். அன்றைய சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. டிசம்பர் 27ஆம் நாள், சீனரை மணந்து விடுதி நடத்தி வந்த ஜப்பானியப் பெண்மணி ஒருவர் இறந்த செய்தி கிடைத்தது. வூ அங்கு விரைந்தார். நுரையீரல், மண்ணீரல், கல்லீரல் ஆகியவற்றிலிருந்து மாதிரிகள் எடுத்தார். பிறகு உடலைத் தைத்து முறையாக அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார். நுண்நோக்கியின் கீழ் பிளேக் கிருமி தெளிவாகத் தெரிந்தது. நோய் குடிகொண்டிருந்த இடம் நுரையீரல்.

அதிலிருந்து அவர் கண்ட முடிவு எளிமையானது. ஆனால் அன்றைய பாடத்திற்கு மாறானது. இந்தப் பிளேக் எலியையும் பூச்சியையும் நம்பியிருக்கவில்லை. இருமும்போது தெறிக்கும் நீர்த்துளிகள் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்கே நேராகப் பாய்கிறது. குளிருக்குப் பயந்து சன்னல்களை மூடிக்கொண்டு, விடுதிகளில் நெருக்கியடித்துப் படுத்திருந்த தொழிலாளர்களிடையே அது பரவியதில் வியப்பில்லை. அப்படியென்றால் தடுக்க வேண்டிய இடம் மனிதரின் மூச்சு. பஞ்சை நடுவில் வைத்து, மெல்லிய துணியை மடித்து, காதைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் முகக்கவசத்தை அவர் வகுத்தார். அறுவை அறையில் அதற்கு முன்பும் துணிக்கவசம் இருந்தது. அதை மலிவாகவும் எளிதாகவும் ஆக்கி, மருத்துவர் முதல் பிணம் தூக்குவோர் வரை அனைவரும் அணிய வேண்டிய தற்காப்பாக மாற்றியது அவர் பங்களிப்பு ஆகும்.

உண்மைக்கு நேர்ந்த சோதனை

எல்லாரும் அதை ஏற்கவில்லை. தியன்ஜினில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெஸ்னி, பிளேக்கோடு முன்பே பழகியவர். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். ஹார்பினுக்கு வந்த அவர், காற்றில் பரவும் பிளேக் என்ற கருத்தை நிராகரித்தார். தம்மைவிட இளைய சீனர் ஒருவர் தமக்குப் பாடம் சொல்வதை அவரால் பொறுக்க இயலவில்லை. வூ பதவி விலகவும் முன்வந்தார். அரசு வூவின் பக்கம் நின்றது. மெஸ்னி ரஷ்ய மருத்துவமனைக்குச் சென்று, முகக்கவசமின்றி நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாள்களில் நோய் கண்டு, 1911 ஜனவரி 11ஆம் நாள் இறந்தார்.

அதற்குப் பின் ஊரே முகக்கவசம் அணிந்தது. இதை வூவின் வெற்றியாக என்னால் படிக்க முடியவில்லை. ஓர் அறிஞர், பதவியையும் இனத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் அந்த நுண்நோக்கியைப் பார்த்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும். அறிவியலில் யார் சொன்னார் என்பதைவிட எதைக் காட்டினார் என்பது முக்கியம் என்று வகுப்பறையில் கேட்கிறோம். அங்கே அது உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்தது.

ஃபூஜியாதியன் நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. படைவீரர்கள் வரவழைக்கப்பட்டு நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. நோயாளிகளோடு தொடர்புற்றோரைத் தனிமைப்படுத்தக் கட்டடம் இல்லாததால், ரஷ்ய இரயில்வேயிடம் சரக்குப் பெட்டிகளை இரவல் வாங்கி, அவற்றில் தங்க வைத்தார்கள். மக்கள் இதை விரும்பவில்லை. அஞ்சி, நோயாளிகளையும் பிணங்களையும் மறைத்தவர்கள் பலர்.

மிகக் கடினமான முடிவு அடுத்து வந்தது. பூமி உறைந்து பாறையாகிவிட்டதால் புதைக்க வழியின்றி, 2,000க்கும் மேற்பட்ட உடல்கள் இடுகாட்டில் பனியில் கிடந்தன. அவை மீண்டும் நோயைப் பரப்பக்கூடும் என்று வூ அஞ்சினார். எரிப்பதே வழி, ஆனால் முன்னோரை வழிபடும் சமுதாயத்தில் அது நினைக்கவும் இயலாத செயல். முதலில் உள்ளூர் அதிகாரிகளை அழைத்துச் சென்று அந்தக் காட்சியைக் காட்டினார். பிறகு பேரரசின் அனுமதியைக் கேட்டார். அனுமதி வந்தது. 1911 ஜனவரி இறுதியில், சீனப் புத்தாண்டு நாளை ஒட்டி, அவ்வுடல்கள் எரியூட்டப்பட்டன. அதன்பின் இறப்புகள் குறையத் தொடங்கின. மார்ச் முதல் நாள் ஹார்பினில் கடைசி நோயாளி பதிவானார். மஞ்சூரியா முழுவதும் அதற்குள் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர்.

வேரைத் தேடியவர்

நோய் அடங்கியதும் அவர் ஓயவில்லை. அது எங்கிருந்து வந்தது? மங்கோலியப் புல்வெளிகளில் தர்பகான் என்னும் மர்மோட் இனக் கொறிவிலங்கு வாழ்கிறது. அதன் தோலுக்கு அக்காலத்தில் ஐரோப்பாவில் விலை ஏறியிருந்தது. அவ்வட்டாரத்தின் பாரம்பரிய வேட்டைக்காரர்கள் சோர்ந்து தள்ளாடும் விலங்கைத் தொடமாட்டார்கள். பணத்தை நாடி வெளியூரிலிருந்து வந்த புதியவர்களுக்கு அந்த அறிவு இல்லை. அவர்களில் சிலருக்குத் தொற்றிய நோய், புத்தாண்டுக்கு ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு இரயிலேறிப் பயணம் செய்தது.

1911 ஏப்ரலில் முக்டென் நகரில் அனைத்துலகப் பிளேக் மாநாடு கூடியது. பதினொரு நாடுகளின் அறிஞர்கள் வந்திருந்தனர். ஜப்பானின் புகழ்பெற்ற கிட்டாசாட்டோவும் அவர்களில் ஒருவர். தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் வூ லியென் தே. 1912இல் வட மஞ்சூரியப் பிளேக் தடுப்புச் சேவையை அமைத்து, அடுத்த இருபது ஆண்டுகள் நடத்தினார். 1920-21இல் நுரையீரல் பிளேக் மீண்டும் வந்தபோது இறந்தோர் ஏறக்குறைய 10,000 பேருக்குள் அடங்கினர். 1915இல் சீன மருத்துவர் சங்கத்தைத் தோற்றுவித்தோரில் அவரும் ஒருவர். நுரையீரல் பிளேக்கைப் பற்றிய அவருடைய பெருநூலை அனைத்துலக நாடுகள் சங்கம் 1926இல் வெளியிட்டது. 1935இல் மருத்துவ நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

மீண்டும் மலாயா

1931இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய ஜப்பானியர்கள் அவரை வேவுகாரர் என ஐயுற்றுத் தடுத்து வைத்தனர். 1937இல் சீனாவில் போர் மூண்டபோது அவர் தாயகம் திரும்பினார். உலக மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர், ஈப்போவில் அன்றைய புரூஸ்டர் சாலையில் சாதாரண மருந்தகம் நடத்தினார். ஏழைகளுக்கு இலவசமாகவே வைத்தியம் பார்த்தார். ஈப்போவில் பொது நூலகம் அமைய நிதி திரட்டினார். 1959இல் தம் வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1960 ஜனவரி 21ஆம் நாள், தமது எண்பதாவது வயதில், பிறந்த பினாங்கிலேயே மறைந்தார்.

அன்பு மாணவ நண்பர்களே, நம்மில் பலர் நாளை ஆய்வுக்கூடங்களிலும் சுகாதார அலுவலகங்களிலும் பணியாற்றப் போகிறோம். தகுதியிருந்தும் கதவு திறக்காத அனுபவம் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. அந்த வருத்தத்தோடு நின்றுவிடாமல், கற்ற கல்வியைக் கைவிடாமல் காத்திருந்தவர் வூ. வாய்ப்பு வந்தபோது, பாடநூல் சொன்னதைவிடக் கண் கண்டதை நம்பினார். கண்டதை ஆய்வறிக்கையாக எழுதி வைத்துவிட்டுப் போகாமல், அதிகாரியிடமும் அரசரிடமும் அஞ்சிய மக்களிடமும் கொண்டு சென்றார்.

நுரையீரல் பிளேக்கைக் குணப்படுத்த அன்று மருந்தே இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். மருந்தில்லாத நோயையும் காரணம் அறிந்தால் தடுக்கலாம் என்பதை அவர் மெய்ப்பித்தார். அவர் காப்பாற்றியவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் இல்லை. நோய் வராமலே வாழ்ந்து முடித்த அவர்களுக்கும் அது தெரிந்திருக்காது. அத்தகைய பணியைத் தேர்ந்தெடுக்க நம்மில் சிலரேனும் முன்வர வேண்டும் என்பதே என் அவா.